வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம்: பள்ளிக் கண்காட்சியில் அச்சுறுத்தல்களை எந்த வரிசையில் வைப்பது?

கோத்தகிரி_பசுமைமன்றம்

வணக்கம். கோத்தகிரி பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பசுமை மன்றத்துக்காகக் கேட்கிறேன். வரையாடு, சிங்கவால் குரங்கு, பாறு கழுகு எல்லாம் முந்தைய கண்காட்சிகளில் வந்துவிட்டதால், இந்தத் தடவை பிள்ளைகளே திமிங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு. பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை.

இப்போதைக்கு ஐந்து சார்ட் திட்டம், இந்த வரிசையில்: வேட்டை, பிளாஸ்டிக், எண்ணெய்க் கசிவு, கப்பல் போக்குவரத்து, புவி வெப்பம்.

1. வரிசை சரிதானா?
2. சார்ட் ஒட்டுவதோடு நிற்காமல் செய்து காட்ட ஏதாவது உண்டா? கோத்தகிரி கடைவீதியில் கிடைக்கும் பொருளாக, 500 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.
3. "அவ்வளவு பெரிய கப்பல் வருவது அதுக்குக் கேட்காதா? ஏன் விலகிப் போகாது?" என்று ஒரு பெண் கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

---

அவலாஞ்சி_ஓடை

டீச்சர், முதல் மூன்று சார்ட்டையும் எடுத்துவிடுங்கள். இந்த இனத்தை வணிக வேட்டையிலிருந்து காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் 1935-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வேட்டை இவற்றை ஒரு கைப்பிடியாகக் குறைத்தது உண்மை. ஆனால் இன்று யாரும் ஈட்டி எறிவதில்லை. பிளாஸ்டிக் பையும் எண்ணெயும் கண்காட்சி என்றாலே தானாக வந்து ஒட்டிக்கொள்பவை; இந்தத் திமிங்கிலத்தின் சாவுக் கணக்கில் அவற்றுக்கு முன்வரிசை இல்லை. கொல்பவை இரண்டு: மீன்பிடிக் கயிறு, கப்பல். கடல் சூடாவது அந்த இரண்டின் வாயில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. வரிசை இதுதான்.

கயிறு எப்படி மாட்டுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் படமாக விளக்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் கனடாவிலும் சிங்கி இறாலையும் நண்டையும் கூடு வைத்துப் பிடிக்கிறார்கள். கம்பிவலைப் பெட்டி கடலடியில் கிடக்கும். தனிக் கூடாகவும் வைப்பார்கள், பல கூடுகளைச் சரமாகக் கோத்தும் போடுவார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கூட்டை மேலே தூக்க, கடலடியிலிருந்து நீர்மட்டத்து மிதவை வரை ஒரு கயிறு செங்குத்தாக நிற்கும். இந்தச் செங்குத்துக் கயிறுதான் வில்லன்.

ரைட் திமிங்கிலம் வாயைத் திறந்தபடியே நீந்தி, அரிசி மணி அளவுள்ள கோப்பெபாட் என்ற சின்ன மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். வாயின் இருபுறமும் பலீன் என்ற வடிகட்டும் தகடுகள் இருநூற்றுக்கு மேல் தொங்கும். கயிறு அதில் சிக்கினால் பின்வாங்கத் தெரியாது. உடம்பைப் புரட்டும். புரட்டப் புரட்ட துடுப்பிலும் வால் தண்டிலும் சுற்றிக்கொள்ளும். 1990-களின் நடுவிலிருந்து புதுக் கலவை இழைகளால் செய்த வலுவான கயிறுகள் பரவின. அதற்குப் பிறகு காயங்களும் கடுமையாகிவிட்டன.

உடனே சாகாது. கூட்டையும் மிதவையையும் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையும். கயிறு கொழுப்பைத் தாண்டி எலும்பு வரை அறுக்கும். இழுக்கும் சுமைக்கே சக்தி போய்விடுவதால் பெண் திமிங்கிலத்துக்குக் கருத்தரிக்கப் போதுமான கொழுப்பு சேராது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு குட்டி என்றிருந்தது இப்போது ஏழு முதல் பத்து ஆண்டு ஆகிறது. இன்னொன்று: 2019-ல் பிறந்தது வளர்ந்தபின், 1981-ல் பிறந்ததைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டையாக இருக்கும் என்று அளவெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சார்ட்டுக்கு எண்கள்: 2010 வாக்கில் 480-ஐ ஒட்டி இருந்தன. 2020 வாக்கில் 350-ஐ ஒட்டி இறங்கின. 2024-க்கான மதிப்பீடு 380-ஐச் சுற்றி. அதில் குட்டி போடும் நிலையில் உள்ள பெண்கள் சுமார் 70. உடலில் தழும்பைப் பார்த்துக் கணக்கிட்டதில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு தடவையாவது கயிற்றில் மாட்டியவை, பாதிக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. நம் வரையாட்டோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கு அளவு பிடிபடும்: தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் வரையாடு 1,303.

ஒரு எச்சரிக்கை. 'இத்தனை செத்தன' என்று போடும்போது 'கண்ணில் பட்டவை' என்று சேர்த்து எழுதுங்கள். 1990 முதல் 2017 வரையிலான சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உடலாகக் கிடைத்தது.

---

கடலோடி_குன்னூர்

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். கேட்கும். கேட்டும் விலகாது. காரணம் ஒன்றல்ல.

சத்தம் போடும் சுழலி (புரொபெல்லர்) இருப்பது கப்பலின் பின்பக்கம். கப்பலின் உடலே சத்தத்தை மறைப்பதால் நேர் முன்னால், மேல்மட்டத்தில் சத்தம் அடங்கிப்போகும். திமிங்கிலம் இருப்பது அந்த இடத்தில்தான். எல்லாத் திசையிலும் எப்போதும் எஞ்சின் இரைச்சல் இருக்கும் கடலில், ஒரு கப்பல் தன் மேல் வருகிறதா, பக்கத்தில் போகிறதா என்று பிரித்தறிவதும் கடினம். கப்பல் பக்கம் பார்த்தால், இந்த இனத்துக்கு முதுகுத் துடுப்பு கிடையாது, நிறம் கறுப்பு, மெதுவாக நீந்தும், நீர்மட்டத்தை ஒட்டியே மேயும். அலைக்கு நடுவில், கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. பட்டாலும் பெரிய சரக்குக் கப்பலை நிறுத்தக் கிலோமீட்டர் கணக்கில் தூரம் வேண்டும்.

'அப்போ ஹாரன் அடிக்கலாமே' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். எச்சரிக்கை ஒலி கொடுத்துச் சோதித்த ஆய்வு 2004-ல் வந்தது. ஆறில் ஐந்து திமிங்கிலங்கள் முங்கலை விட்டுவிட்டு மேலே வந்து நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீந்தின. கப்பல் இடிக்க அதைவிட வாகான இடம் இல்லை. அதே விலங்குகள் வெறும் கப்பல் சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆகவே இரண்டே வழி. பாதையை மாற்று, இல்லை வேகத்தைக் குறை.

பாதை: கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2003-ல் கப்பல் தடத்தையே திமிங்கிலங்கள் கூடும் இடத்திலிருந்து நகர்த்தினார்கள். இப்படி நகர்த்த முடிந்த இடங்களில் இதைவிட நல்ல தீர்வு கிடையாது. கப்பலுக்குச் சில மைல் கூடுதல், அவ்வளவுதான்.

வேகம்: அமெரிக்காவில் 2008 டிசம்பரிலிருந்து, 65 அடியும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட மாதங்களில் 10 நாட்டுக்கு மேல் போகக்கூடாது (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 10 நாட் ஏறத்தாழ 18.5 கிலோமீட்டர்). கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் 13 மீட்டர் கப்பலுக்கே இந்த வரம்பு பொருந்தும். இடித்தால் சாகும் வாய்ப்பு 15 நாட்டில் 79 சதவீதம், 8.6 நாட்டில் 21 சதவீதம் என்று 2007-ல் கணக்கிட்டார்கள். 11.8-க்குக் கீழே போனால் பாதிக்கும் குறைவு.

கப்பல்காரருக்கு என்ன நட்டம் என்பதையும் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100 கடல் மைல் பகுதியை 15 நாட்டில் கடக்க 6 மணி 40 நிமிடம். 10 நாட்டில் 10 மணி. 3 மணி 20 நிமிடம் தாமதம். துறைமுகத்தில் ஓதத்துக்கும், கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட்டுக்கும் நேரம் குறித்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை, அதனால்தான் எதிர்ப்பு. 35 அடிப் படகுகளுக்கும் வரம்பை நீட்டும் முன்மொழிவை 2022-ல் வைத்து 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் குட்டிகளைக் கொல்லச் சின்னப் படகே போதும்.

---

நியூட்டன்_லேப்

செய்முறைக்கு மூன்று யோசனை. மூன்றும் சேர்த்து 400 ரூபாய் தாண்டாது, டிரம்மும் பம்பும் இரவல் கிடைத்தால்.

அறுந்துபோகும் கயிறு. ரைட் திமிங்கிலத்திடமிருந்து எடுத்த கயிறுகளைச் சோதித்ததில், 1,700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 770 கிலோ இழுத்தாலே அறும் கயிறாக இருந்தால் உயிருக்கு ஆபத்தான சிக்கல்களில் 72 சதவீதமாவது குறையும் என்று 2016-ல் சொன்னார்கள். முழுக் கயிற்றையும் மாற்றாமல் இடையிடையே பலவீனமான துண்டு கோத்தாலும் போதும்.

இதைக் காட்ட: 2 மீட்டர் நைலான் ட்வைன், பருத்தித் தையல் நூல் ஒரு கண்டு, ஆய்வகச் சுருள்வில் தராசு. ட்வைனை நடுவில் வெட்டி, இடையில் 20 செ.மீ. தையல் நூலைக் கோக்கவும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையைத் தராசில் மாட்டி மெதுவாக இழுக்கவும். எத்தனை நியூட்டனில் அறுகிறது என்று ஐந்து தடவை குறித்துச் சராசரி எடுக்கவும். பிறகு நூலில்லாத முழு ட்வைனை அதே விசைக்கு இழுத்துக் காட்டவும், அசையாது.

சொதப்பும் இடம் முடிச்சு. முடிச்சுப் போட்ட இடத்தில் நூலின் வலு பாதி அளவுக்குக்கூடக் குறையும், எண்கள் தாறுமாறாக வரும். இரு முனையிலும் நூலைப் பென்சில் துண்டில் ஆறேழு சுற்றுச் சுற்றி, பென்சிலை ட்வைனோடு கட்டுங்கள். இழுவிசை சுற்றுகளிலேயே தேய்ந்துவிடும், முடிச்சுக்குப் போகாது. வெடுக்கென்று இழுத்தாலும் கணக்கு கெடும். 10 நியூட்டன் தராசில் அறவில்லை என்றால் 50 நியூட்டன் தராசுக்கு மாறுங்கள்.

கயிறில்லாக் கூடு. மிதவையும் கயிறும் கடலடியிலேயே சுருண்டு கிடக்கும். படகு வந்து ஒலிச் சமிக்ஞை கொடுத்தால் காற்றுப் பை உப்பியோ மிதவைச் சுருள் விடுபட்டோ மேலே வரும். காட்டுவதற்கு: தண்ணீர் நிரப்பிய நீல டிரம், ஒரு செங்கல், பலூன், மீன்தொட்டிக் காற்றுக்குழாய் 2 மீட்டர், சைக்கிள் பம்ப். பலூனைக் குழாய் முனையில் ரப்பர் பேண்டால் இறுக்கவும். செங்கல்லில் கட்டிய ட்வைனின் மறு முனையைப் பலூன் கழுத்தில் கட்டி, மீதியைச் செங்கல் மேல் ஒட்டிய சின்ன டப்பாவில் வைக்கவும். மூழ்கவிட்டு, பம்ப் அடிக்கவும்.

வாயால் ஊத விடாதீர்கள். டிரம்மின் அடியில் நீரழுத்தமும் சேர்ந்துகொள்வதால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், பலூன் உப்பாது. முன்கூட்டியே பலூனை நாலைந்து தடவை ஊதித் தளர்த்துங்கள். உள்ளே மிச்சக் காற்று இருந்தால் பம்ப் அடிக்கும் முன்னே எழும்பிவிடும். ட்வைனை வட்டமாகச் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும். எட்டு வடிவில் மடித்து வைக்கவும்.

இரைச்சல். ஒன்றையொன்று அழைக்க ரைட் திமிங்கிலம் எழுப்பும் ஒலி சுமார் 100-லிருந்து 200 ஹெர்ட்ஸுக்கு ஒரு விநாடியில் ஏறும். கப்பல் இரைச்சலும் அதே பட்டையில்தான். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போதும், ஆனால் ஃபோன் ஸ்பீக்கரில் இந்தத் தாழ்ந்த ஒலி வரவே வராது. பள்ளி விழாவுக்கு வைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸில் இணைத்தால்தான் கேட்கும். இன்னொரு ஃபோனிலிருந்து 150 ஹெர்ட்ஸை ஒட்டிய இரைச்சலை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் அழைப்பு மறைகிறது என்று காட்டலாம்.

---

சோலைமந்தி

கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்கு இதை இங்கேயிருந்தே தொடங்கலாமே. தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கில் சிறுத்தையும் கரடியும் மாட்டுவது நீலகிரியில் அறியாத வீடு கிடையாது. பைக் கிளட்ச் கம்பி ஒன்றே போதும். திமிரத் திமிர இறுகும். வைத்தவன் குறி வேறு, செத்தது வேறு. கயிறு சார்ட்டுக்குப் பக்கத்தில் சுருக்குக் கம்பிப் படம் ஒன்று.

கப்பல் வேகத்துக்கும் உள்ளூர் உதாரணம் இருக்கிறது. முதுமலை தாண்டி பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை, 2009 முதல். கடலிலும் அப்படித்தான்: விலங்கு நடமாடும் காலத்துக்கும் இடத்துக்கும் மட்டும் கட்டுப்பாடு.

---

அவலாஞ்சி_ஓடை

சாலை ஒப்பீடு அப்படியே பொருந்தும். சுருக்கில் ஒரு திருத்தம் வேண்டும். சுருக்கு வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கி இறால் கூடு உரிமத்தோடு, பரம்பரையாகச் செய்யும் தொழில். இரண்டையும் ஒரே சார்ட்டில் போட்டால் பிள்ளைகள் மீனவரைக் களவாணி என்று எடுத்துக்கொள்வார்கள். கயிறு உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு மட்டும் சுருக்கை உதாரணமாக வையுங்கள். தீர்வு என்று வரும்போது பிரித்துவிடுங்கள்: சுருக்கைப் பிடுங்க வேண்டும், கூட்டை மாற்ற வேண்டும்.

மாற்றுவதில்தான் சிக்கல். அமெரிக்காவில் 2021-ல் கொண்டுவந்த விதிப்படி வடகிழக்குக் கூடுகளில் பலவீனக் கயிறோ இடைத்துண்டோ கட்டாயம். ஆழக்கடலில் நீண்ட சரத்தைத் தூக்கும்போது அது அறுந்தால் கூடுகள் கடலடியிலேயே தங்கிவிடும் என்ற பயம் மீனவருக்கு. கயிறில்லாக் கூடு ஒரு தொகுதிக்கு ஆயிரக்கணக்கான டாலர். மேலே மிதவை இல்லாததால் ஒருவர் போட்ட சரத்தின் மேலேயே இன்னொருவர் போட்டுவிடுவார். எங்கே கிடக்கிறது என்று எல்லாப் படகுக்கும் திரையில் தெரியும் ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, இந்தத் தொழிலுக்கான புதிய கட்டுப்பாடுகளை 2028 முடியும் வரை தள்ளிவைத்துவிட்டது. கனடா வேறு மாதிரி. திமிங்கிலம் கண்ணிலோ ஒலிவாங்கியிலோ பட்டால் அந்தப் பகுதியை 15 நாள் மூடுவார்கள், மறுபடி பட்டால் பருவம் முழுக்க. மூடிய பகுதியில் கயிறில்லாக் கூட்டுக்கு மட்டும் அனுமதி. காசு செலவழித்து வாங்குவதற்கு மீனவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

வெப்பம் சார்ட்டுக்கும் கனடாவே உதாரணம். 2010-க்குப் பிறகு, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடா சூடாகி, அங்கே கோப்பெபாட் குறைந்தது. திமிங்கிலங்கள் வடக்கே செயின்ட் லாரன்ஸுக்கு நகர்ந்தன. அப்போது அங்கே அவற்றுக்கென்று வேக வரம்பும் இல்லை, கயிற்றுக் கட்டுப்பாடும் இல்லை. 2017-ல் கண்டெடுத்த உடல்கள் 17. கனடாவில் 12, அமெரிக்காவில் 5. அடுத்த குட்டிபோடும் பருவத்தில் ஒரு குட்டிகூடக் கண்ணில் படவில்லை.

---

மசினகுடி_மழை

கடலில் காற்றாலை வைப்பதால்தான் இவை சாகின்றன என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

---

கடலோடி_குன்னூர்

செத்தவற்றை அறுத்துப் பார்த்ததில் கிடைப்பது சுழலி வெட்டு, மொத்தடி, கயிறு அறுத்த காயம். காற்றாலையோடு தொடர்புபடுத்த ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அமெரிக்கக் கடல் வளத் துறையே சொல்லியிருக்கிறது. 2017 சாவுகள் நடந்த செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் காற்றாலையே இல்லை.

---

கோத்தகிரி_பசுமைமன்றம்

எல்லாருக்கும் நன்றி. வேட்டையும் பிளாஸ்டிக்கும் எண்ணெயும் போயாச்சு. இன்னும் இரண்டு. மாட்டிய கயிற்றை ஆட்கள் போய் வெட்டிவிட முடியாதா? மைதானத்தில் சுண்ணாம்பால் முழு அளவுத் திமிங்கிலம் வரைய ஆசைப்படுகிறார்கள், அளவு சொல்ல முடியுமா? கண்காட்சி நவம்பரில்.

---

அவலாஞ்சி_ஓடை

வெட்டுகிறார்கள், அதற்கென்றே பயிற்சி பெற்ற குழுக்கள் உண்டு. சின்ன ரப்பர் படகில் நெருங்கி, இழுபடும் கயிற்றில் கொக்கி போட்டுப் பெரிய மிதவைகளைக் கட்டுவார்கள். மிதவையின் இழுப்பில் திமிங்கிலம் களைத்து வேகம் குறையும், முங்கவும் முடியாது. பிறகு நீண்ட கழியின் முனையில் உட்பக்கம் மட்டும் கூர் உள்ள வளைந்த கத்தியால் கயிற்றை அறுப்பார்கள். வெளிப்பக்கம் மொட்டை, தோலில் படக்கூடாதே. இருட்டிவிட்டால் செயற்கைக்கோள் மிதவை கட்டி விட்டுவிட்டு, இருக்கும் இடம் பார்த்து மறுநாள் வருவார்கள்.

முக்கியமான விதி: இழுபடும் நீளக் கயிற்றை அவசரப்பட்டு வெட்டக்கூடாது. அது போய்விட்டால் பிடிமானம் போயிற்று. வாயிலும் துடுப்பிலும் இறுகியிருப்பது அப்படியே நிற்கும். தனியாகவோ துணையோடோ யாரும் தண்ணீரில் இறங்குவதும் கிடையாது. கனடாவில் ஜோ ஹௌலெட் என்ற மீனவர் 2017 ஜூலை 10 அன்று ஒரு ரைட் திமிங்கிலத்தை விடுவித்த கையோடு அதன் வால் அடித்து இறந்தார். அதனால் இது ஆபத்துக்கால உதவி மட்டுமே, இதைத் தீர்வு என்று எழுதிவிடாதீர்கள்.

ஸ்னோ கோன் என்று பெயர் வைத்த பெண் திமிங்கிலம் இதற்குச் சரியான உதாரணம். அதன் குட்டி ஒன்றைப் படகு கொன்றது 2020-ல். 2021 மார்ச்சில் கயிற்றில் மாட்டியது. கொஞ்சம்தான் அறுக்க முடிந்தது. கயிற்றோடேயே அந்த டிசம்பரில் இன்னொரு குட்டி போட்டது. 2022 செப்டம்பரில் கடைசியாகக் கண்டபோது குட்டி இல்லை, உடம்பில் புதிதாக இன்னொரு கயிறு.

---

நியூட்டன்_லேப்

மைதான அளவு: நீளம் 15 மீட்டர், ஊட்டி பஸ்ஸைவிட நீளம், இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பருத்த இடத்தில் அகலம் 3 மீட்டர். நீளத்தில் கால் பங்கு தலை, அதாவது 3.75 மீட்டர். முதுகில் துடுப்பு வரையாதீர்கள், பிள்ளைகள் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் 4 மீட்டரில் ஒரு குட்டி.

நவம்பரில் கோத்தகிரியில் சுண்ணாம்பு ஒரு இரவு தாங்காது, வடகிழக்குப் பருவமழை கழுவிவிடும். பழைய தேயிலைச் சாக்குகளை ஒரு சாண் அகலப் பட்டைகளாகக் கிழித்து, மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை அடித்துக் கோட்டின் மேல் கட்டுங்கள். சுற்றளவு 38 மீட்டர் வரை வரும், குட்டிக்கு 10. முளை 50 போதும். முளைத் தலை தரை மட்டத்துக்கு மேலே நிற்காமல் அடியுங்கள், பிள்ளைகள் ஓடும் இடம்.